பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸ்

திருநெல்வேலி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. மாடி வேலை முடிந்து பால் காய்ச்சிவிட்டீர்கள் என்று படித்ததும் அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். அந்த வாரம் அவளுக்குக் கண் ஆபரேஷன், அதனால்தான் நாங்கள் யாரும் வர முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறாள். வாசலில் உட்கார்ந்துகொண்டு, தெருவில் போகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விசாரிக்கிறாள். சின்னவளுக்குத் தூத்துக்குடியில் வேலை கிடைத்திருக்கிறது, தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். டவர் ஸ்பீக்கர் 200 வாட்ஸ், கடைக்காரர் காட்டும் ரிசீவர் (டிவி ஒலியை வாங்கிப் பெருக்கி ஸ்பீக்கருக்குத் தரும் ஆம்ப்) 80 வாட்ஸ், பத்துமா என்று கேட்டிருக்கிறாய். உன் ஹாலுக்குப் பத்தும். ஆனால் அந்த 200-ஐயும் 80-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால் கிடைக்கிற பதில் இல்லை இது.

ஸ்பீக்கரில் போட்டிருக்கும் 200 அது தாங்கும் அளவு. அவ்வளவு கொடுத்தால்தான் பாடும் என்று பொருள் இல்லை. மண்டபத்தில் ஆயிரம் பேர் உட்காரலாம் என்பதற்காக யாரும் ஆயிரம் பத்திரிகை அடிப்பதில்லையே. நீ பார்க்க வேண்டியது சென்சிடிவிட்டி, அதாவது கொடுக்கும் சக்திக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்பது. உன் ஸ்பீக்கருக்கு 88 டெசிபல் என்று எழுதியிருக்கிறாய். 2.83 வோல்ட் கொடுத்தால், அதாவது 8 ஓம்ஸ் (ஸ்பீக்கரின் மின்தடை) என்றால் ஒரு வாட், ஒரு மீட்டர் தள்ளி 88 டெசிபல் கேட்கும்.

மாமாவின் மைக் செட்டோடு கொடை விழாக்களுக்குப் போய் நாம் வயர் இழுத்தது நினைவிருக்கும். 60 வாட்ஸ்கூடத் தேறாத ஆம்ப், ஆனால் வில்லுப்பாட்டு நாலு தெரு தாண்டிக் கேட்கும். அந்தக் குழாய் ஸ்பீக்கர்கள் ஒரு வாட்டுக்கு 105 டெசிபலுக்கும் மேலே கொடுப்பவை. அதே சத்தத்தை உன் டவரில் கொண்டுவர ஐம்பது மடங்கு சக்தி வேண்டும். ஆம்ப்பின் வாட்ஸை மட்டும் கேட்டு முடிவு செய்யாதே என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இப்போது உன் ஹால். சோபா பத்தடி தள்ளி என்றாய், மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். ஆக மூன்று மீட்டரில் 88 என்பது 78.5 ஆகிவிடும். சுவர்களும் இரண்டாவது ஸ்பீக்கரும் இதில் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும், அதைக் கணக்கில் சேர்க்காமலே பார். வீட்டில் படம் பார்க்க சராசரி 75 டெசிபல் தாராளம். அதற்கு அரை வாட்கூட வேண்டாம். வெடிச் சத்தமோ பறையடியோ அதற்கு மேல் 20 டெசிபல் எகிறி 95-ஐத் தொட்டால், அந்த நொடிக்கு 45 வாட்ஸ். உன் 80 அங்கே நிற்கும். சினிமா தியேட்டர் அளவுக்கு, அதாவது ஒவ்வொரு சேனலிலும் (ஒரு ஸ்பீக்கருக்குப் போகும் வழி) உச்சம் 105 டெசிபல் வேண்டும் என்றால் இதே கணக்கு 450 வாட்ஸ் என்று சொல்லும். அந்தச் சத்தத்தை தங்கச்சி ஒரு நாள்கூடப் பொறுக்காது, கீழ்வீட்டுக்காரரும்தான்.

இதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. சக்தியை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். சத்தம் இரண்டு மடங்கானது போல் காதுக்குத் தோன்றப் பத்து மடங்கு சக்தி வேண்டும். 80 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு டெசிபல். அதற்காகப் பதினைந்தாயிரம் கூடக் கொடுக்காதே.

ஆனால் அந்த 80 எப்படி எடுத்த 80 என்று கேள். சின்ன எழுத்தில் "8 ஓம்ஸ், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ், இரண்டு சேனல், 0.08 சதவீத டிஸ்டார்ஷன்" என்று இருந்தால் நம்பலாம். டிஸ்டார்ஷன் என்றால் ஒலிச் சிதைவு. அதே ரிசீவரின் பெட்டியில் பெரிய எழுத்தில் 165 என்றும் இருக்கும். அது 6 ஓம்ஸில், ஒரே சேனலில், 1 கிலோஹெர்ட்ஸில், 10 சதவீத டிஸ்டார்ஷன் வரை முறுக்கி எடுத்த எண். நாம் படித்த காலத்தில் டேப்ரிக்கார்டரில் "பி.எம்.பி.ஓ. 1000 வாட்ஸ்" என்று, கண நேர உச்சத்தை எண்ணாக்கி, ஸ்டிக்கர் ஒட்டி விற்ற அதே வேலை. அமெரிக்காவில் இதற்கென்றே 1974-இல் விதி கொண்டுவந்தார்கள்.

வாட்ஸைவிட உன் விஷயத்தில் எனக்குக் கவலை ஓம்ஸ்தான். "8 ஓம்ஸ் கம்பாட்டிபிள், மினிமம் 3.7" என்று எழுதியிருக்கிறாய். பெரும்பாலும் பேஸ் (கனத்த அடி ஒலி) பகுதியில் எங்கோ உன் ஸ்பீக்கரின் ஓம்ஸ் 3.7-க்கு இறங்குகிறது என்று அர்த்தம். அங்கே ஆம்ப் இரண்டு மடங்குக்கும் மேல் கரண்ட் கொடுக்க வேண்டும். விலை குறைந்த ரிசீவர்கள் அங்கேதான் சூடாகி ஆஃப் ஆகும். 4 ஓம்ஸ் ஸ்பீக்கரை ஓட்டலாம் என்று மேனுவலிலேயே எழுதியிருக்கிற மாடலாகப் பார்த்து வாங்கு. கூடவே பிரீ-அவுட் (பெருக்காத ஒலியை வெளியே எடுக்கும் சாக்கெட்) இருந்தால், பின்னால் தனி பவர் ஆம்ப் சேர்க்க வழி இருக்கும். கார்பென்டர் செய்த டிவி யூனிட்டுக்குள் கதவு போட்டு அடைத்து வைக்காதே, மேலே ஒரு சாண் இடம் விடு.

இன்னொன்று, சின்ன ஆம்ப் என்றால் ஸ்பீக்கருக்கு ஆபத்தில்லை என்று நினைக்காதே. ஆம்ப்பின் எல்லை தாண்டி வால்யூமைத் திருகினால் அலையின் உச்சி வெட்டுப்படும். அதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். பேஸ் அதற்கு மேல் ஏற வழியில்லாமல் நிற்க, ட்ரெபிள் (கீச்சு ஒலி) மட்டும் ஏறிக்கொண்டே போகும், முதலில் கருகுவது அதைப் பாடும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரின் மெல்லிய காயில். சத்தம் கரகரத்தால் உடனே குறைத்துவிடு, பையனுக்கும் சொல்லி வை.

மிச்சப்படும் பணத்தில் நல்ல சப்-வூஃபர் (அடி பேஸுக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர்) ஒன்று வாங்கு. ரிசீவரில் டவர்களை "ஸ்மால்" என்று வைத்து, பேஸை சப்புக்குப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் நிறுத்து. இவ்வளவு பெரிய டவரை ஸ்மால் என்பதா என்று உனக்கு மனசு வராது. ஆனால் சக்தியை அதிகம் உறிஞ்சுவது அடி பேஸ்தான். அதைத் தன் சொந்த ஆம்ப்போடு சப் எடுத்துக்கொண்டால், ரிசீவரின் 80 வாட்ஸும் குரலுக்கும் வாத்தியத்துக்கும் போகும். உன் ஹாலில் டைல்ஸும் வெறும் சுவரும்தானே, கனமான திரையும் சோபா முன்னால் ஒரு ஜமுக்காளமும் போடு. வசனம் தெளியும்.

அந்த ரிசீவரின் மேனுவலில் கடைசிப் பக்கங்களைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன், அதற்கு முன் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
முருகேசன்