ஜார்க்கண்ட், ஒடிசா தாய்மார்களுக்கு நன்றி மடல்

மதிப்பிற்குரிய தாய்மார்களுக்கு வணக்கம்.

செவிலியர் மாணவியருக்குப் பொதுச் சுகாதாரம் கற்பிக்கும் நான், பச்சிளங்குழந்தை இறப்பை, அதாவது பிறந்த 28 நாளுக்குள் நேரும் இறப்பைப் பற்றிப் பாடம் எடுக்கும்போதெல்லாம் உங்கள் ஊர்களில் நடந்த ஆய்வையே முதலில் சொல்கிறேன். அதற்குரிய நன்றியை உங்களுக்கே சொல்ல வேண்டும் என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

2005 முதல் 2008 வரை மேற்கு சிங்பூம், சராய்கேலா கர்சாவான், கியோஞ்சர் மாவட்டங்களில் ஏக்ஜுட் என்னும் தொண்டு அமைப்பு நடத்திய அந்த ஆய்வில், 36 பகுதிகளுள் 18இல் மகளிர் குழுக்கள் மாதந்தோறும் கூடின. பட அட்டைகளை நடுவில் பரப்பி, கதை கேட்டு, நம் ஊரில் பிறந்த பிள்ளை ஏன் தங்கவில்லை என்று பேசி, பேறு பார்ப்பவர் கை கழுவுவது, தொப்புள்கொடி கட்டும் நூலைக் கொதிக்க வைப்பது போன்றவற்றை அங்கேயே பேசித் தீர்மானித்தீர்கள். மற்றப் பகுதிகளோடு ஒப்பிட, குழுக்கள் கூடிய பகுதிகளில் பச்சிளங்குழந்தை இறப்பு 32 விழுக்காடு குறைவாக இருந்தது. கடைசி இரண்டு ஆண்டுகளில் அந்தக் குறைவு 45 விழுக்காடாக இருந்தது. மிகவும் நலிந்த குடும்பங்களில்தான் பயன் கூடுதலாகக் கிடைத்தது என்பதையே இதில் பெரிதாக மதிக்கிறேன், ஏனெனில் நல்ல திட்டங்கள்கூட அந்த வீடுகளைக் கடைசியாகத்தான் எட்டும்.

ஊரில் நடந்த ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் விடாமல் தெரிவித்த மருத்துவச்சிகளுக்கும் மற்றப் பெண்களுக்கும் நன்றி. நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால், வீட்டிலேயே பிறந்து வீட்டிலேயே இறந்த பிள்ளைகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறியிருக்க மாட்டார்கள்.

குழுக்கள் அமைக்கப்படாத 18 பகுதிகளின் தாய்மார்களுக்கு என் நன்றி இன்னும் ஆழமானது. பேறு முடிந்து ஆறு வாரம் கழிந்த நிலையில் வீடு தேடி வந்த ஆய்வுப் பணியாளரிடம், உங்களுள் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள்கூட, வலி கண்டது முதல் பிள்ளையின் கடைசி மூச்சு வரை நடந்ததை எடுத்துச் சொன்னார்கள். உங்கள் விடைகள் இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இருந்திருக்காது. குழுக்களால் உயிர்கள் காக்கப்பட்டன என்று எவரும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. முடிவு தெரிந்த பிறகு உங்கள் ஊர்களுக்கும் குழுக்கள் வந்தன என்பது எனக்கு ஆறுதல் தருகிறது. ஆய்வுக்கு உழைத்தவர்களுக்கு அதன் பயன் உரியது என்ற நேர்மையைக் கடைப்பிடித்த களப்பணியாளர்களுக்கும் நன்றி கூறுகிறேன்.

உங்கள் ஆய்வு 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. அந்தக் கட்டுரையை என் மாணவியர் இந்த ஆண்டும் வகுப்பில் படிக்கிறார்கள்.

நன்றியுடன்,
செவிலியர் ஆசிரியை ஒருவர்