1922-ஐ ஒரு மொழியில மட்டும் படிக்காத, கண்ணு

கண்ணு,

உன் மெசேஜ் பாத்தேன். நவீனக் கவிதை பத்தி நீ எடுத்திருக்கிற கோர்ஸ்ல 1922னா இங்கிலீஷ்ல எழுதின கவிஞர் டி. எஸ். எலியட்டோட வருஷம்னு சொல்லிக் குடுத்தாங்க, நீயும் அதயே எனக்கு எழுதி "சரிதானேம்மா"ன்னு கேட்டிருந்த. போன்ல சொன்னா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும், உனக்கும் மனசுல நிக்காது, அதான் உக்காந்து எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படி.

எலியட் மேல எனக்கு ஒரு குறையும் கெடையாது, மொதல்ல அத சொல்லிடுறேன். லண்டன்ல பேங்க் வேல பாத்துக்கிட்டு, மனசு ஒடைஞ்சு லீவு போட்டு, சுவிட்சர்லாந்துல லோசான்ல உக்காந்து எழுதி முடிச்சு, கவிஞர் எஸ்ரா பவுண்ட் கையில குடுத்து அவர் பாதிக்குப் பாதி வெட்டித் தள்ளி, கடைசில அக்டோபர் 1922ல 'கிரைட்டீரியன்' பத்திரிகையோட மொத இதழ்ல 'தி வேஸ்ட் லேண்ட்' வந்துச்சு. பெரிய கவிததான். ஆனா அந்தக் கவிதையே ஒரு மொழியில நிக்கல பாரு, ஜெர்மன் வருது, இத்தாலியன் வருது, பிரெஞ்சு வருது, கடைசிப் பகுதியில கங்கை வத்திக் கெடக்கு, இமயத்துக்கு மேல மேகம் கூடுது, பிருகதாரண்யக உபநிஷத்துல இடி சொல்ற மூணு சொல்ல எடுத்துக்கிட்டு சாந்தி சாந்தி சாந்தின்னு முடிக்கிறார். அவரே அத்தன மொழிய எட்டிப் பாத்து எழுதின ஒரு கவிதைய வெச்சுக்கிட்டு அந்த வருஷத்த மட்டும் இங்கிலீஷுக்குள்ள அடைச்சு வெக்கிறது எனக்கு ஒப்பல.

ஜனவரியிலேந்தே ஆரம்பிக்கிறேன். கல்கத்தாவுல 'பிஜலி'ன்னு ஒரு வாரப் பத்திரிகை, அதுல 1922 ஜனவரி 6 'பித்ரோஹி', அதாவது கலகக்காரன்னு ஒரு கவிதை வருது. எழுதினது காஜி நஸ்ருல் இஸ்லாம், வயசு 22, பட்டாளத்துல இருந்துட்டு வந்த பையன். டிசம்பர் கடைசியில ஒரு ராத்திரி பென்சில்ல எழுதி, காலைல கூடத் தங்கியிருந்த முஸாஃபர் அகமதுக்குப் படிச்சுக் காட்டினாராம். நான் நான்னு ஒவ்வொரு வரியும் எந்திரிச்சு நிக்கிது, ஒரு கையில வளைஞ்ச மூங்கில் புல்லாங்குழல், இன்னொரு கையில போர் எக்காளம்னு சொல்றார், நடராஜனும் நானேங்கிறார், உலகம் முடியிறப்போ இஸ்ராஃபீல்ங்கிற தேவதூதர் ஊதுற கொம்போட முழக்கமும் நானேங்கிறார், பகவான் மார்புல கால் பதிச்ச பிருகுவும் நானேங்கிறார். ரெண்டு மதத்தோட கதைகளையும் ஒரே மூச்சுல, யாருகிட்டயும் பர்மிஷன் கேக்காம எடுத்துக்கிறார் பாரு, அதுதான் எனக்கு அந்தக் கவிதைல ரொம்பப் பிடிச்சது. அப்புறம் ஆகஸ்ட்ல 'தூமகேது'ன்னு சொந்தமா பத்திரிகை ஆரம்பிக்கிறார், தாகூர் வாழ்த்து எழுதிக் குடுக்கிறார், செப்டம்பர்ல துர்கை வர்றத வெச்சு ஆட்சிக்கு எதிரா ஒரு கவிதை போடுறார், நவம்பர்ல குமில்லாவுல புடிச்சிடுறாங்க, அடுத்த ஜனவரியில ஒரு வருஷ ஜெயில் தண்டனை. ஒரே காலண்டர் வருஷத்துல புகழ் உச்சிக்குப் போய் ஜெயிலுக்கும் போன கவிஞர், உங்க சிலபஸ்ல பேர் கூட இல்ல.

பிப்ரவரிக்கு வா. இந்த மாசத்த நெனச்சா எனக்கு இப்பவும் ஆச்சரியமா இருக்கும். சுவிட்சர்லாந்துல முசோன்னு ஒரு பழைய சின்னக் கோட்டை, அதுல ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே தனியா இருக்கார். பத்து வருஷத்துக்கு முன்னாடி, 1912ல, திரியெஸ்ட் பக்கத்துல துயினோங்கிற எடத்துல ஆரம்பிச்ச எலிஜிகள், நம்ம இரங்கற்பா மாதிரி நீளமான கவிதைங்க, பாதில நின்னு போச்சு, நடுவுல மொத உலகப் போர் வந்துச்சு, எழுத்தே வராம கெடந்தார். அப்போ வேரான்னு ஒரு சின்னப் பொண்ணு, டான்ஸ் ஆடின பொண்ணு, 19 வயசுல ரத்தப் புத்துநோய்ல செத்துப் போயிருக்கா, அவளோட கடைசி நாள்களப் பத்தி அவ அம்மா எழுதி வெச்சத ரில்கேவுக்கு அனுப்புறாங்க. அத படிச்சிட்டு பிப்ரவரி தொடக்கத்துல கிரேக்கக் கதைல வர்ற பாடகன் ஆர்ஃபியஸுக்கான சானெட்கள், அதாவது பதினாலு வரிக் கவிதைங்க, வர ஆரம்பிக்கிது, சில நாள்லயே மொத பாகம் முடிஞ்சிடுது, அப்புறம் நின்னு போன எலிஜிகளும் முடியிது, மறுபடி சானெட்கள், மாசக் கடைசிக்குள்ள மொத்தம் 55. எலிஜி முடிஞ்ச ராத்திரி வெளிய போய் அந்தக் கோட்டைச் சுவத்த ஒரு பெரிய மிருகத்தத் தடவிக் குடுக்கிற மாதிரி தடவிக் குடுத்தேன்னு கடிதத்துல எழுதியிருக்கார். பொண்ண இழந்த ஒரு அம்மா எழுதின குறிப்புலேந்து அது கெளம்புச்சுங்கிறது உங்க பேராசிரியர் சொல்வாரோ மாட்டாரோ, நான் சொல்லிடுறேன்.

அதே பிப்ரவரி, அதே நாள்கள், பிரேசில்ல சாவ் பாலோ முனிசிபல் தியேட்டர்ல நவீனக் கலை வாரம் நடக்குது, 13, 15, 17ன்னு மூணு நாள் நிகழ்ச்சி. இங்க ஒரு மனுஷன் தனியா மௌனத்துல, அங்க ஒரு தியேட்டர் நெறைய ஜனங்க கூச்சல் போட்டு விசிலடிச்சு கவிஞர்கள கத்தி அடக்கப் பாக்குறாங்க. மனுவேல் பந்தேராவோட தவளைகள் கவிதைய, அவருக்கு ஒடம்பு சரியில்லாததால இன்னொருத்தர் வாசிக்கிறார். யாப்பு சுத்தமா இருந்தாப் போதும்னு நெனச்ச பழைய பாணிக் கவிஞர்கள தவளையாக்கிக் கிண்டல் பண்ற கவிதை அது, கூட்டத்துக்கு ஆத்திரம் தாங்கல. மாரியோ ஜி அந்த்ராஜியும் அந்தக் கூச்சல்ல நின்னுதான் வாசிச்சார், சில மாசத்துலயே சாவ் பாலோ ஊரப் பத்தின அவரோட கவிதைத் தொகுப்பு வெளில வந்து போர்ச்சுகீஸ் மொழியில கவிதை எழுதுற வழியே மாறிப் போச்சு. இந்த ரெண்டு பிப்ரவரியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாரு, புதுசு பொறக்குறதுக்கு தனிமைதான் வேணும்னோ கூட்டம்தான் வேணும்னோ யாரும் சட்டம் போட முடியாது.

ரஷ்யன்ல கதை வேற. முந்தின வருஷம் ஆகஸ்ட்ல கவிஞர் ப்ளோக் செத்துட்டார், இன்னொரு கவிஞர் குமில்யோவ சுட்டுட்டாங்க, 1922 ஜூன்ல க்ளெப்னிகோவ்ங்கிற கவிஞர் ஒரு கிராமத்துல செத்துப் போறார். அந்த இழப்புக்கு நடுவுல பாஸ்டர்நாக்கோட 'என் சகோதரி வாழ்க்கை' புத்தகமா வருது, எழுதினதென்னவோ 1917 கோடைல, அச்சுக்கு வர இத்தன வருஷம். மண்டெல்ஷ்டாமோட 'த்ரிஸ்தியா' பெர்லின்ல வருது. மரீனா ஸ்வெதாயெவா மே மாசம் நாட்ட விட்டுக் கெளம்பி பெர்லின் வர்றாங்க. அவங்க கவிதைத் தொகுப்பு ஒண்ணப் படிச்சிட்டு பாஸ்டர்நாக் ஜூன்ல அவங்களுக்கு ஒரு கடிதம் போடுறார், கூடவே தன் புத்தகமும் வந்து சேருது, அவங்க அத வாசிச்ச வேகத்துல ஒரு கட்டுரையே எழுதிடுறாங்க, வெளிச்சம் மழையா கொட்டுதுன்னு. அங்கேந்து ஆரம்பிச்ச கடிதப் போக்குவரத்து வருஷக்கணக்கா ஓடுச்சு, பின்னாடி 1926ல ரில்கேயும் அதுல சேந்துக்கிட்டார். ரெண்டு நாட்டுல இருக்கிற ரெண்டு பேரு ஒருத்தர் வரிய ஒருத்தர் இவ்வளவு ஒசத்தியா வாசிச்சிருக்காங்க. நீ தூரத்துல இருக்கிறதால இத ஒரு வரி கூடுதலாவே எழுதுறேன்.

இப்போ எனக்கு ரொம்ப நெருக்கமான புத்தகம். பெரு நாட்டுல செசார் வயேஹோன்னு ஒரு கவிஞர், ஸ்பானிஷ்ல எழுதினவர். 1920ல சொந்த ஊர்ல நடந்த கலவரத்துல அவர் பேரையும் சேத்து ட்ருஹியோ ஜெயில்ல போடுறாங்க, 112 நாள். வெளில வந்தும் அந்தச் செவுரு அவர விடல. 1922ல லிமாவுல 'த்ரில்சே'ங்கிற புத்தகம் போடுறார், 77 கவிதை, எதுக்கும் தலைப்பு கெடையாது, ரோமன் நம்பர் மட்டும்தான். அச்சடிச்சது எங்க தெரியுமா, லிமா ஜெயில் அச்சுக்கூடத்துல, 200 பிரதி. ஜெயில்லேந்து வந்தவன் எழுதின புத்தகத்த ஜெயில்லயே அச்சடிச்சிருக்காங்க. இலக்கணம் ஒடைஞ்சு, எழுத்து ஒடைஞ்சு, நம்பர் எல்லாம் கவிதைக்குள்ள நடமாடுது, யாருக்கும் ஒண்ணும் புரியல, சில பேரு சிரிச்சாங்க, மத்தவங்க கண்டுக்கவே இல்ல. புத்தகம் பெரிய சூனியத்துக்குள்ள பொறந்திருக்கு, அதுக்கு முழுப் பொறுப்பும் நானேன்னு நண்பர் ஒருத்தருக்கு எழுதினார். அடுத்த வருஷம் பாரிஸுக்குக் கப்பலேறினவர் திரும்பவே இல்ல, 1938ல அங்கயே போயிட்டார்.

ஆனா கஷ்டமான புத்தகம்னு நீ பயப்படாத. அதுல மூணாவது கவிதைய மொதல்ல படி. பெரியவங்க வெளில போயிருக்காங்க, இருட்டிடுச்சு, அம்மா சீக்கிரம் வந்துடுறேன்னு சொல்லிட்டுப் போனா, கூடப் பொறந்ததுங்க பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்புட்டு ஒரு பையன் தைரியம் சொல்றான், கடைசில பாத்தா அங்க அவனத் தவிர யாரும் இல்ல. அப்புறம் 23வது, செத்துப் போன அம்மா புள்ளைங்களுக்கு பங்கு வெச்சுக் குடுத்த பிஸ்கட்டப் பத்தினது. அவரோட அம்மா 1918ல எறந்தாங்க. இத படிக்கிறப்போ எனக்கு தொண்ட அடைச்சிக்கும், மொழி தெரிஞ்சு என்ன தெரியாம என்ன. உலகத்துலயே பெரிய சோதனைக் கவிதைன்னு சொல்ற புத்தகத்தோட நடு மத்தியில ஒரு புள்ள அம்மாவத் தேடிக்கிட்டு நிக்கிது, விமரிசகர்கள் இத ஏன் கடைசில சொல்றாங்கன்னு எனக்கு வெளங்குனதே இல்ல.

இந்த வருஷத்துக்கு காரணம் போர்னு சட்டுனு எழுதிடாத, எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. லண்டனுக்கும் ரஷ்யாவுக்கும் அது பொருந்தும். வயேஹோவுக்கு என்ன போர்? பாரசீகத்துல நீமா யூஷிஜ் 1922 கடைசியில 'அஃப்சானே' எழுதி பழைய கட்டுகளத் தளத்தினாரே, அதுக்கு? நியூயார்க்ல கறுப்பினக் கவிஞர் கிளாட் மெக்கே 'ஹார்லெம் ஷாடோஸ்' கொண்டு வந்தார், சானெட்ங்கிற பழைய பாத்திரத்துலயே புதுக் கோபத்த ஊத்தினார், அவருக்கு இருந்த போர் வேற. மலையாளத்துல குமாரன் ஆசான் அந்த ஒரே வருஷத்துல 'துரவஸ்தா', 'சண்டாளபிக்ஷுகி' ரெண்டையும் வெளியிட்டார், ரெண்டுமே ஜாதியோட அடிவயித்துல கை வெக்கிற காவியம். ஒவ்வொரு மொழிக்கும் அதோட நெருப்பு அதுகிட்டயே இருந்துச்சு.

அப்போ யாருமே யாரையும் படிக்கலயான்னு நீ கேப்ப. படிச்சாங்க, ஆனா எலியட்ட இல்ல. அந்த வருஷம் மொழி தாண்டி கேட்ட குரல் ஒண்ணு உண்டுன்னா அது தாகூர்தான். பீஜிங்ல பிங் சின்னு ஒரு மாணவி, தாகூரோட குட்டிக் கவிதைகளப் படிச்ச உந்துதல்ல 'நட்சத்திரங்கள்'னு சின்னச் சின்னக் கவிதைகள பத்திரிகைல எழுதுறாங்க, அப்புறம் புத்தகமாச்சு. சிலி நாட்டுல பள்ளிக்கூட டீச்சரா இருந்த கப்ரியேலா மிஸ்ட்ரலோட மொத புத்தகம் 'டெசொலாசியோன்' 1922ல நியூயார்க்ல வருது, அதுல தாகூர் கவிதைகளுக்கு அவங்க எழுதின குறிப்புகளே இருக்கு. நஸ்ருலுக்கு வாழ்த்து குடுத்தது தாகூர். நவம்பர்ல கேரளாவுல இருக்கிற சிவகிரிக்குப் போய் நாராயண குருவ தாகூர் பாக்குறார், பேச்ச மொழிபெயர்த்தது குமாரன் ஆசான், அதே நவம்பர்லதான் நஸ்ருல் கைதாகுறார். சீனம், ஸ்பானிஷ், வங்காளம், மலையாளம்னு இத்தன எடத்துல ஒரு ஆள் பேரு வருதே, உங்க கோர்ஸ்ல இத ஒரு கேள்வியாவது கேளு.

தமிழ விட்டுட்டேன்னு நெனைக்காத. பாரதி 1921 செப்டம்பர்ல 38 வயசுல போயிட்டார், அதனால 1922ல அவர் எழுதினது எதுவும் இல்ல. ஆனா அந்த வருஷம் செல்லம்மா, அவங்க அண்ணன் தொணையோட பாரதி ஆசிரமம்னு ஒரு பதிப்பகம் ஆரம்பிச்சு 'சுதேச கீதங்கள்' போடுறாங்க. புருஷன் போன துக்கம் ஆறல, கையில காசு இல்ல, ஆனா அவர் வரிகள் போயிடக் கூடாதுன்னு ஒரு பொம்பள அச்சாபீஸ் வேலைல எறங்கியிருக்காங்க. உலகக் கவிதையில 1922ல நடந்ததுன்னு நான் லிஸ்ட் போட்டா எலியட்டுக்குப் பக்கத்துலயே இத வெப்பேன், கீழ இல்ல.

நீ கட்டுரை எழுதணும்னு சொன்னியே, ரில்கேய இப்போ தொடாத, அவருக்கு டைம் வேணும், அவசரமா படிச்சா அழகா மட்டும் இருக்கும் உள்ள எறங்காது. வயேஹோவுக்கு நல்ல இங்கிலீஷ் மொழிபெயர்ப்புகள் இருக்கு, லைப்ரரில ரெண்டு வேற வேற ஆள் பண்ணினத எடுத்து பக்கத்துல பக்கத்துல வெச்சு அந்த மூணாவது கவிதைய மட்டும் வாசி. பாஸ்டர்நாக், ஸ்வெதாயெவா கடிதங்களும் புத்தகமா வந்திருக்கு, அது கட்டுரைக்காக இல்ல, ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி படிக்க. உங்க வகுப்புல ஸ்பானிஷ் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி இருக்கான்னு சொன்னியே, அவள அந்த மூணாவது கவிதைய மூலத்துல சத்தமா வாசிக்கச் சொல்லி ரெக்கார்ட் பண்ணி எனக்கு அனுப்பு, நான் இது வரைக்கும் கண்ணால மட்டும்தான் படிச்சிருக்கேன்.

அம்மா