ஷெவெல் வண்டிக்கு எந்த எஞ்சின்?

கோயம்புத்தூர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் நலமும் மாப்பிள்ளையின் நலமும் அறிய ஆவல். நீ அனுப்பிய மூன்று எஞ்சின்களின் விவரத்தாள்களையும் அச்செடுத்துப் பட்டறை மேசையில் வைத்து, மூன்று இரவுகள் வரி வரியாகப் படித்தேன். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் 400 குதிரைத்திறன் போதுமா, 500 வேண்டுமா என்ற கேள்விக்கே நீ திரும்பிவிடுகிறாய். அந்தக் கேள்வியைக் கடைசியில்தான் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். ஏன் என்று நிதானமாகச் சொல்லக் கடிதமே வசதி.

போன கோடையில் மிச்சிகனில் உன் வீட்டுக் கராஜில் அந்த 1970 செவர்லே ஷெவெல் மாலிபு வண்டியை நாம் இருவரும் அலசிப் பார்த்தது நினைவிருக்கும். முந்தைய சொந்தக்காரர் கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரோடு ஒரு குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைத்ததால், உள்ளே நீர் உறைந்து விரிந்து, எஞ்சினின் உடம்பான பிளாக்கின் வெளிச்சுவரில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் விட்டிருந்தது. முப்பத்தெட்டு ஆண்டுகள் எஞ்சின் ரீபோர் செய்து பிழைத்தவன் என்பதால், விரிசல் விட்ட வார்ப்பிரும்பைத் தைத்து அடைக்க எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த 350 கன அங்குல எஞ்சினைக் காப்பாற்றச் சொல்லவில்லை. பிளாக்கின் முன்புறம், வலப்பக்க ஹெட் உட்காரும் இடத்தை ஒட்டி ஒரு சிறிய தட்டைப் பரப்பு இருக்கிறது அல்லவா? நீ டார்ச் அடிக்க, நான் பிரேக் கிளீனர் தெளித்துத் துடைக்கத் துடைக்க, அழுக்குக்கு அடியிலிருந்து எண்கள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. வண்டியின் சேசிஸ் எண்ணோடு பொருந்த வேண்டிய அந்த வரிசையில், ஆண்டைக் குறிக்கும் இடத்தில் 1970க்கு உரிய 0 இல்லை. ஆகவே அது அந்த வண்டியின் பிறவி எஞ்சின் அன்று; இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். பிறவி எஞ்சினாக இருந்திருந்தால், எத்தனை மாதம் ஆனாலும் அதையே தைத்து ஓட்டு என்று எழுதியிருப்பேன். இப்போது உனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

உன் மனம் முதல் தாளில் உள்ள 454இல் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். அதே 1970இல் ஷெவெலின் வேக வகையான எஸ்எஸ் வண்டியில் வந்த எல்எஸ்6 என்ற 454 கன அங்குல பிக் பிளாக் (பெரிய உடம்பு வகை) எஞ்சினுக்கு 450 குதிரைத்திறன் என்று செவர்லே நிறுவனம் அறிவித்தது. அக்காலத்து எண்ணை இன்றைய எண்ணோடு அப்படியே ஒப்பிடக் கூடாது, அம்மணி. ஏர் ஃபில்டரும் சைலன்சரும் மற்றச் சுமைகளும் இல்லாமல் எஞ்சினை மட்டும் சோதனை மேடையில் ஓட்டி எடுத்த அளவையே அப்போது விளம்பரத்தில் போட்டார்கள். 1972 முதல், வண்டியில் இருப்பதுபோல் எல்லாவற்றையும் பூட்டி அளந்த எண்ணை வெளியிட்டார்கள். செவர்லேயின் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் இருந்த எல்டி1 என்ற 350 எஞ்சினுக்கு 1971இல் 330 என்றும் 1972இல் 255 என்றும் எழுதப்பட்டதற்கு இந்த அளவை மாற்றமே பெருங்காரணம். மேலும் அந்த எல்எஸ்6 எஞ்சினின் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவையை அமுக்கும் விகிதம், 11.25க்கு 1; ஈயம் கலந்த உயர்ரக பெட்ரோலை நம்பிச் செய்யப்பட்ட அளவு அது. சாலை வண்டிகளுக்கு ஈய பெட்ரோல் விற்பது அமெரிக்காவில் 1996 தொடக்கத்தோடு முழுவதும் நின்றுவிட்டது. இன்று கடையில் கிடைக்கும் பிக் பிளாக் எஞ்சின்களை இக்கால பெட்ரோலுக்கு ஏற்பத் திருத்தியிருக்கிறார்கள் என்பது உண்மைதான்; ஆனால் உன் 350 சேர்ந்த சிறிய வகையான ஸ்மால் பிளாக்கைவிட ஏறத்தாழ ஐம்பது கிலோ கூடுதல் எடை முன்சக்கரங்களின் மேல் வந்து உட்காரும். அதற்கு ஸ்பிரிங் மாற்ற வேண்டும், ரேடியேட்டர் மாற்ற வேண்டும், எக்ஸாஸ்ட் முழுவதும் புதிதாகச் செய்ய வேண்டும். அந்தப் பட்டியலில் பிரேக் இன்னும் வரவேயில்லை.

இரண்டாவது தாளில் இருந்த எல்எஸ்3 எஞ்சினை நான் மிகுந்த மரியாதையோடு படித்தேன். 2008 கார்வெட்டில் வந்த 6.2 லிட்டர் எஞ்சின். 430 குதிரைத்திறன், இக்கால முறையில் அளந்தது. அலுமினிய பிளாக் என்பதால் பழைய இரும்பு ஸ்மால் பிளாக்கைவிட ஏறத்தாழ ஐம்பது கிலோ குறைவு. 1955இல் செவர்லே பொறியாளர் எட் கோல் தலைமையில் உருவான முதல் ஸ்மால் பிளாக்கில் ஒரு சிலிண்டரின் நடுவிலிருந்து அடுத்த சிலிண்டரின் நடு வரை 4.4 அங்குலம், அரை நூற்றாண்டு கடந்து வந்த இந்த எஞ்சினிலும் அதே 4.4 அங்குலம். சிலிண்டர் குடைந்தே வாழ்க்கையைக் கழித்த எனக்கு, அந்த எண்ணைப் பார்த்ததும் கண் கலங்கியது.

ஆனால் அதை உன் வண்டியில் இறக்குவது எஞ்சின் மாற்றும் வேலையோடு முடியாது. இப்போது கார்புரேட்டருக்கு ஆறேழு பிஎஸ்ஐ அழுத்தத்தில் பெட்ரோல் போகிறது. எல்எஸ்3க்கு 58 பிஎஸ்ஐ வேண்டும், ஆகவே டேங்கையும் பம்பையும் குழாய்களையும் மாற்ற வேண்டும். கம்ப்யூட்டர், அதற்கு ஒரு வயரிங் கட்டு, வேறு மவுன்ட், குறுக்குச் சட்டத்தில் இடிக்காத வேறு ஆயில் பேன் என்று அது நீண்டுகொண்டே போகும். இவை எதுவும் செய்ய முடியாதவை அல்ல. உன் ஊரில் ஆயிரக்கணக்கானோர் செய்திருக்கிறார்கள். தினமும் அலுவலகத்துக்கு இதே வண்டியில்தான் போகப்போகிறேன் என்று நீ சொல்லியிருந்தால், வேறு பேச்சே இல்லாமல் எல்எஸ்3 வாங்கு என்று எழுதியிருப்பேன். நீ என்னிடம் சொன்னது வேறு. வார இறுதியில் ஓட்ட வேண்டும், ஆகஸ்டில் உட்வர்ட் சாலையில் நடக்கும் டிரீம் குரூஸ் என்ற பழைய வண்டி ஊர்வலத்துக்குப் போக வேண்டும், ஒருமுறை கென்டக்கியில் கார்வெட் தயாராகும் பவுலிங் கிரீன் வரை போய்வர வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக பானெட்டைத் திறந்து உன் கையாலேயே எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டும் என்றாய். பள்ளி விட்டு வந்ததும் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து வால்வு தேய்த்துக் கொடுத்த பெண் நீ. உனக்கு லேப்டாப்பைச் சொருகிப் பழுது பார்க்கும் எஞ்சினைவிட, ஸ்க்ரூடிரைவரும் டைமிங் லைட்டும் வைத்துப் பேசக்கூடிய எஞ்சினே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

ஆகவே என் தேர்வு மூன்றாவது தாளில் உள்ள 383. இது தொழிற்சாலை எந்த வண்டியிலும் போட்டு விற்ற எஞ்சின் அன்று. பட்டறைக்காரர்கள் கண்டுபிடித்த அளவு. 350 பிளாக்கின் 4 அங்குல சிலிண்டரை அங்குலத்தின் ஆயிரத்தில் முப்பது பங்கு பெரிதாக்கி, செவர்லேயின் 400 கன அங்குல எஞ்சினுக்கு உரிய 3.75 அங்குல ஸ்ட்ரோக் உள்ள கிராங்கை அதில் பொருத்தினால் 383 கன அங்குலம் வருகிறது. ஸ்ட்ரோக் கூடுவதால் கீழ்ச்சுற்றிலேயே இழுவை கிடைக்கும். சுமார் 1,600 கிலோ எடையுள்ள வண்டியைச் சிக்னலிலிருந்து கிளப்புவது அந்த இழுவைதான். வெளியே அது அப்படியே பழைய ஸ்மால் பிளாக் என்பதால் உன் மவுன்ட், கியர்பாக்ஸ், பெட்ரோல் லைன் எல்லாம் அப்படியே சேரும்.

ஆனால் ஸ்கிராப் யார்டில் கிடைக்கும் பழைய பிளாக்கை வாங்கிக் குடைந்து கட்டலாம் என்ற உன் யோசனையை விட்டுவிடு. நான் தொழில் தொடங்கிய புதிதில், ஏற்கெனவே இருமுறை குடைந்த ஒரு பிளாக்கை, சுவர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளக்காமல் மூன்றாம் முறை குடைந்தேன். வார்ப்பின்போது மணல் அச்சு ஒரு பக்கம் நகர்ந்திருந்ததால் அந்தப் பக்கச் சுவர் முன்பே மெலிந்திருந்தது. போரிங் கருவி நீர்ப்பாதைக்குள் இறங்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது. வண்டிக்காரருக்கு வேறு பிளாக் வாங்கிக் கொடுத்தேன். எண்பதாயிரம் மைல் ஓடிய பிளாக்கின் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. புதிய வார்ப்பில், வால்வுகளைத் திறக்கும் தண்டாக ரோலர் கேம் போட்டு, அலுமினிய ஹெட் பூட்டி, டைனோ என்ற சோதனை மேடையில் ஓட்டி அளந்த தாளோடு வரும் எஞ்சினையே வாங்கு. ரோலர் கேம் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பழைய தட்டை டாப்பெட் கேமுக்குத் துத்தநாகச் சேர்மம் அதிகமுள்ள ஆயில் வேண்டும். இன்றைய சாதாரண ஆயிலில் அது குறைக்கப்பட்டுவிட்டதால், ஓட்டத் தொடங்கிய அரை மணி நேரத்துக்குள்ளேயே கேமின் முனை தேய்ந்துபோவது உண்டு.

இனி கேம் பற்றி. இங்கேதான் நீ ஏமாறுவாயோ என்று எனக்குப் பயம். அந்தத் தாளில் ஒரே 383க்கு மூன்று கேம் கொடுத்திருக்கிறார்கள்; பெரிய கேமுக்கு நேராக 450 என்ற எண்ணும் இருக்கிறது. பெரிய கேம் என்றால் வால்வு அதிக நேரம் திறந்திருக்கும். உள்வாங்கும் வால்வும் புகை தள்ளும் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரமும் கூடும். நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றில் அது நல்லது. ஐடிலில் அதுவே எஞ்சினைக் குலுக்கும். உட்வர்ட் சாலையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது, சிவப்பு வண்டி ஒன்று நின்ற இடத்தில் தடக் தடக்கென்று குலுங்கியதைக் கேட்டு நீ எழுந்து நின்றாய். அந்த ஓசையின் விலை வேக்கம், அதாவது எஞ்சினின் உறிஞ்சும் அழுத்தம். சாதாரண கேமோடு ஐடிலில் பதினெட்டு அங்குலப் பாதரசம் அளவுக்கு இருக்கும் வேக்கம், அத்தகைய கேமில் பத்துப் பதினொன்றுக்கு இறங்கிவிடும். பிரேக் பூஸ்டர் அந்த வேக்கத்தில்தான் இயங்குகிறது. கூட்டத்துக்கு நடுவில், குழந்தைகள் குறுக்கே ஓடும் சாலையில், பெடல் மரக்கட்டைபோல் நிற்கும் வண்டியை நீ ஓட்டுவதை நான் விரும்பவில்லை. அந்த மூன்று கேமுக்கும் எழுதியுள்ள உச்ச எண்ணை ஒரு காகிதத்தால் மறைத்துவிட்டு, 2,500 முதல் 4,000 வரை உள்ள சுற்றுகளில் முறுக்கு விசை எவ்வளவு என்று மட்டும் பார். நான் அப்படித்தான் பார்த்தேன். அந்த இடத்தில் சிறிய கேம் மற்ற இரண்டையும் முந்துகிறது. நீ ஓட்டப்போவது முக்கால்வாசி நேரமும் அந்தச் சுற்றுகளில்தான்.

எஞ்சின் எவ்வளவு கொடுக்கிறது என்பதைவிட, அதன் பின்னால் இருப்பவை எவ்வளவு தாங்கும் என்பதையே நான் முதலில் கேட்பேன். வண்டிக்கு அடியில் படுத்து, பின் ஆக்சில் மூடியின் போல்ட்டுகளை எண்ணினோம், பத்து. பெரிய எஞ்சினோடு வந்த எஸ்எஸ் வண்டிகளுக்குப் பன்னிரண்டு போல்ட் ஆக்சில் கொடுத்தார்கள். அதன் கிரவுன் வீலும் பெரியது. உன் பத்து போல்ட் ஆக்சில் மென்மையாக ஓட்டினால் சில காலம் தாங்கும், ஆனால் நல்ல டயர் போட்டு ஒருநாள் முழுதாக மிதித்தால் பல் உடையும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஆகவே பணம் போக வேண்டிய வரிசை இது: முதலில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் பூஸ்டரும், அடுத்து ஆக்சில், அதன் பிறகு எஞ்சின். பணம் போதாமல் எஞ்சின் ஆறு மாதம் தள்ளிப்போனாலும் போகட்டும். கியர்பாக்ஸ் இப்போதைக்கு அந்த மூன்று கியர் டர்போ 350 ஆட்டோமேட்டிக்காகவே இருக்கலாம். பவுலிங் கிரீன் போகும்போது எழுபது மைல் வேகத்தில் எஞ்சின் 2,900 சுற்று அளவில் இரைந்துகொண்டே வரும். அது பொறுக்கவில்லை என்றால் அப்போது ஓவர்டிரைவ் உள்ள 700ஆர்4 கியர்பாக்ஸ் போடலாம், 2,000க்கு இறங்கிவிடும்.

ஆர்டர் கொடுக்கும் முன் விற்பவரிடம் ஒன்றைக் கட்டாயம் கேள். கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் ஒரு துண்டா, இரண்டு துண்டா? 1986 முதல் செவர்லே ஒரே துண்டு சீலுக்கு மாறியபோது, கிராங்கைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டின் போல்ட் வட்டமும் மாறிவிட்டது. உன் பழைய பிளேட் புதியதில் சேராது. 383இல் பாலன்ஸும் வேறாக இருப்பதால், எஞ்சினோடு அதற்குரிய பிளேட்டையும் அவர்களிடமே வாங்கிவிடு. பழைய எஞ்சினைக் கழற்றும்போது புல்லி, பிராக்கெட் ஒன்றையும் தூக்கி எறியாதே, தனித்தனிப் பையில் பெயர் எழுதி வை.

400ஆ 500ஆ என்று கேட்டாய். 10க்கு 1ஐத் தாண்டாத கம்ப்ரஷன், சிறிய கேம், 400 குதிரைத்திறன். உன் வண்டிக்கு அது தாராளம், கண்ணு.

எஞ்சின் வந்து பூட்டிய பிறகு அவசரப்பட்டுச் சாவியைத் திருப்பிவிடாதே. டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்துவிட்டு, அந்தத் துளை வழியாக டிரில்லில் பொருத்திய கருவியால் ஆயில் பம்பை வலச்சுற்றாகச் சுற்ற வேண்டும். செவர்லேயில் டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பே ஆயில் பாதையின் ஒரு சுவர் என்பதால், வெறும் கம்பியை விட்டுச் சுற்றினால் எண்ணெய் மேலே ஏறாது. அந்த இடத்தை அடைக்கும் வளையத்தோடு வரும் கருவியையே வாங்கு. நீ டிரில்லைப் பிடி. மாப்பிள்ளையைக் கிராங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பச் சொல். வால்வு மூடிகளைத் திறந்து வைத்து, வால்வுகளை அமுக்கும் பதினாறு ராக்கர்களிலும் எண்ணெய் கசிந்து வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார். அந்த நேரத்தில் எனக்கு வீடியோ அழைப்பு போடு. இங்கே நடுராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, நான் விழித்திருப்பேன். பதினாறாவது ராக்கரிலும் எண்ணெய் வந்ததை என் கண்ணால் பார்த்த பிறகு டிஸ்ட்ரிபியூட்டரை உள்ளே இறக்கலாம்.

அன்புடன்,
அப்பா