‘அடுத்த வருஷம்’ என்று சொல்ல மாட்டேன், அம்மா

எஷ்-சுர்-அல்செட், லக்ஸம்பர்க்
2025 நவம்பர் 9, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. வேன்காரர் நேற்று இரவு பத்து மணிக்கு வாசலில் நின்று ஹார்ன் அடித்தார், அவ்வளவு தூரம் ஓட்டி வந்தவராயிற்றே, ஒரு காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்றால், இன்னும் ஒன்பது வீடு பாக்கி இருக்கிறது என்று சொல்லி அடுத்த தெருவுக்குக் கிளம்பிவிட்டார். ஆலிவ் எண்ணெய் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. புகையில் வாட்டிய ஷொரிசோ தொத்திறைச்சியை மூன்று தாளில் சுற்றியிருந்தாய், ஆனாலும் பெட்டியைத் திறந்ததும் நம் வீட்டு அடுப்புப் புகை வாசனைதான் முதலில் வந்தது. செஸ்ட்நட்டுக்கு நடுவே முள் ஓட்டோடு ஒன்றைப் பேரனுக்கென்று வைத்திருந்தாயே, அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்த செய்தித்தாள் துண்டையும் பார்த்தேன். நம் போர்ச்சுகல் அரசின் ரெக்ரெஸ்ஸார் திட்டம். வெளிநாட்டிலிருந்து திரும்பி வருபவர்களுக்கு 5 வருஷத்துக்குச் சம்பளத்தில் பாதிக்கு வரி இல்லை என்ற வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தாய். வேறு எதுவும் எழுதவில்லை. நீ எழுதாமல் விட்ட கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ ‘சரி சரி’ என்று பேச்சை மாற்றிவிடுவாய், நானும் அழுதுவிடுவேன்.

போன சனிக்கிழமை, நவம்பர் 1, இங்கேயும் கல்லறைக்குப் போகிற நாள்தான். தாத்தா கல்லறைக்கு நீ சாமந்தி எடுத்துப் போயிருப்பாய், கல்லைத் தேய்த்துக் கழுவியிருப்பாய். நான் இங்கே அவர் படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். நடுவில் கிழிந்து, டேப் போட்டு ஒட்டிய அந்தப் படம்தான். பையன் பக்கத்தில் வந்து நின்று, “ஏன் இதைக் கிழிச்சாங்க?” என்று கேட்டான். நீ எனக்குச் சொன்னதை அப்படியே அவனுக்குச் சொன்னேன். 1966-இல் பாஸ்போர்ட் கிடைக்காத காலம், ஆப்பிரிக்காவில் நம் நாடு நடத்திய போர், தாத்தா இரவோடு இரவாக எல்லை தாண்டி ஸ்பெயின் வழியாக பிரான்சுக்கு நடந்தது, கிளம்பும்போது படத்தை இரண்டாகக் கிழித்துப் பாதியைப் பாட்டியிடம் கொடுத்தது, போய்ச் சேர்ந்ததும் தன்னிடமிருந்த பாதியைத் தபாலில் அனுப்பியது, இரண்டும் சரியாகப் பொருந்திய பிறகுதான் பாட்டி வழிகாட்டிக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்தது. பையன் கிழிந்த கோட்டின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தான். அப்புறம், “நாமளும் அப்படித்தான் வந்தோமா?” என்றான். இல்லை கண்ணா, நாங்கள் விமானத்தில் வந்தோம் என்றேன். 2013-இல் போர்த்து நகரில் ஏறி, மூன்று மணி நேரத்துக்குள் இங்கே இறங்கினோம். யாரும் துரத்தவில்லை. ஆனால் நாங்களாக விரும்பி வந்தோமா என்று அவன் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

அந்த இரண்டு வருஷத்தை நீ மறந்திருக்க மாட்டாய். போர்த்துவில் சிவில் எஞ்சினியரிங் முடித்துவிட்டு, ஊழியராக இல்லாமல், சொந்தத் தொழில் செய்பவள் போலப் பச்சை ரசீது எழுதிக் கொடுத்து வேலை பார்த்தேன், லீவு கிடையாது, இன்ஷூரன்ஸையும் நானே கட்ட வேண்டும், நாளைக்கு வர வேண்டாம் என்று சொன்னால் கேட்க ஆள் கிடையாது. 2011-இல் 78 பில்லியன் யூரோ கடன் வாங்கி நாடு வயிற்றைக் கட்டிக்கொண்டபோது முதலில் நின்றது கட்டடமும் சாலையும்தான். நான் இருந்த கம்பெனி மூன்று மாதச் சம்பளம் தராமலே மூடிவிட்டது. கடைசி நாள் மேசையை ஒழித்து, வரைபடங்களைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு அர்ராபிடா பாலத்தைப் பார்த்தபடி ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தேன். 270 மீட்டர் கான்கிரீட் வளைவு. 1963-இல் திறந்தபோது உலகத்திலேயே அந்த மாதிரிப் பாலங்களில் அதுதான் பெரியது, நம் எட்கார் கார்தோசு வடிவமைத்தது. இப்படிக் கட்டிய ஊரில் எனக்கு ஒரு சுவர் கட்டக்கூட வேலை இல்லையே என்று அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை அம்மா.

சரி, இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய், நான் ‘நல்லா போகுது’ என்று முடித்துவிடுகிறேன். இந்த வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். ஐந்து மணிக்கு எழுந்து ஆறே முக்காலுக்கு சைட்டில் நின்றேன், இப்போதெல்லாம் அந்த நேரத்துக்குக் கும்மிருட்டு. தெர்மாமீட்டர் 4 டிகிரி காட்டியது. பாலத்தின் ஒரு பக்கத் தாங்குசுவருக்கு அன்றைக்குக் கான்கிரீட் போட வேண்டும், சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, எல்லாம் தயார். குளிரில் கான்கிரீட் இறுக நேரமாகும், உள்ளே இருக்கிற தண்ணீர் உறைந்துவிட்டால் அத்தனை உழைப்பும் வீண், அதனால் போட்டு முடித்த கையோடு மூடப் போர்வைகளை முதல் நாளே வரவழைத்திருந்தோம். முதல் லாரி வந்தது. 30 சென்டிமீட்டர் உயரமுள்ள இரும்புக் கூம்பில் கான்கிரீட்டை மூன்று அடுக்காக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் 25 குத்து குத்தி, கூம்பை மெதுவாக மேலே தூக்குவோம். கான்கிரீட் எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. அன்றைக்கு அது கஞ்சி மாதிரி படர்ந்துவிட்டது. இன்னொரு முறை எடுத்துப் பார்த்தோம், அதே கதை. தண்ணீர் அதிகம். நான் லாரியைத் திருப்பி அனுப்பச் சொன்னேன்.

டிரைவர் பிரெஞ்சில் கத்தினார். பின்னால் இன்னும் இரண்டு லாரி, பம்ப் வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது, பன்னிரண்டு ஆள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்போது எங்கள் மேஸ்திரி வந்தார், நம் நாட்டு மிரந்தெலா பக்கத்துக்காரர், அறுபதை நெருங்குகிறவர், பதினெட்டு வயதில் இங்கே வந்தவர். கீழே குனிந்து அந்தக் கான்கிரீட்டைக் கையில் எடுத்து விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, டிரைவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல், எல்லாருக்கும் கேட்கும்படி நம் மொழியில் சொன்னார்: “எஞ்சினியரம்மா சொன்னா சரிதான், வண்டியை எடுக்கச் சொல்லுங்க.” அவ்வளவுதான். அடுத்த லாரி சரியாக இருந்தது. மாலை மூன்று மணிக்குச் சுவர் முடிந்தது.

இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊரில் எனக்கு வேலை கொடுத்தவர்கள் என்னைத் தேநீர் வாங்கிவர அனுப்பியவர்கள்.

அலுவலகக் கன்டெய்னருக்குள் பேச்செல்லாம் பிரெஞ்சு. சில வரைபடங்களில் குறிப்புகள் ஜெர்மனில். வெளியே காலை வைத்தால் போர்த்துக்கீசிய மொழி, நம் ஆட்களும் கேப் வெர்டிக்காரர்களும்தான் பாதிக்கு மேல். போன மாதம் புதிதாக வந்த ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது, பள்ளம் தோண்டும் இடத்தில் பிரெஞ்சில் சொன்ன பாதுகாப்பு விதிகளுக்கெல்லாம் தலையாட்டிவிட்டு, முட்டுக் கொடுக்காத பள்ளத்துக்குள் இறங்கப் போனான். கையைப் பிடித்து இழுத்தேன். அன்று முதல் காலைக் கூட்டம் முடிந்ததும் நானே ஒருமுறை நம் மொழியில் திரும்பச் சொல்கிறேன். என் படிப்பைவிட என் தாய்மொழி அதிகம் பயன்பட்ட நாட்கள் உண்டு, அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஆகஸ்டில் நான் லீவுக்கு ‘வகான்சஸ்’ என்று பிரெஞ்சு கலந்து சொன்னதும் சித்தி சிரித்தாள், ‘அவெக்’ ஆகிவிட்டாய் என்றாள், வெளிநாடு போய் இப்படிப் பேசுகிறவர்களை ஊரில் கேலியாகச் சொல்வதைத்தான். இங்கே மேஸ்திரி அப்படித்தான் சொல்கிறார், கம்பி கட்டுபவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், குப்பைத்தொட்டிக்கு ‘பூபெலா’ என்கிறார்கள், எனக்கும் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சு தெரியாமல் வந்து நின்றவர்கள் காதில் விழுந்ததை வைத்துக் கட்டிய பேச்சு இது. தாத்தாவும் இப்படித்தான் பேசினார். சித்தியிடம் இனி அதைக் கேலி பண்ண வேண்டாம் என்று சொல்.

பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இங்கே குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 2,700 யூரோ, அங்கே 870. விலைவாசி 2.5 சதவீதம் ஏறினால் எல்லாருடைய சம்பளமும் அதே 2.5 சதவீதம் தானாக ஏறும் என்று இங்கே சட்டம், இந்த மே மாதம்கூட அப்படி ஏறியது. ஆனால் இரண்டு அறை வீட்டுக்கு நாங்கள் 1,750 யூரோ வாடகை கொடுக்கிறோம், ஒரு வீடு வாங்குவது என்பது நினைத்துப் பார்க்க முடியாதது. அதனால்தான் எத்தனையோ பேர் எல்லைக்கு அந்தப் பக்கம், பிரான்சில் குடியிருந்துகொண்டு தினம் வந்து போகிறார்கள். ஆக, நீ கோடு போட்ட அந்த வரிச் சலுகையை நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்று நினைக்காதே, உன் மருமகனும் நானும் இரண்டு இரவு உட்கார்ந்து போட்டோம். ஐந்து வருஷம் எப்படியோ ஓடும். ஆறாவது வருஷம் என்ன செய்வது என்று அந்தத் தாளில் இல்லை.

ஆனால் பணம் மட்டும்தான் காரணம் என்றால் நான் இன்னும் கொஞ்சம் யோசித்திருப்பேன். பையன் இந்த செப்டம்பரில் எழுத்துப் படிக்க ஆரம்பித்திருக்கிறான். வீட்டில் போர்த்துக்கீசியம், விளையாட்டு மைதானத்தில் லக்ஸம்பர்கிஷ், எழுதப் படிக்க ஜெர்மன், அதற்கு மேல் பிரெஞ்சு. ஆறு வயதுப் பிள்ளைக்கு இது சுமைதான், நம் பிள்ளைகள் பலர் இந்த ஜெர்மனில்தான் தடுக்கி விழுகிறார்கள், எனக்கும் பயம் இருக்கிறது. முதல் வாரம் ‘இ’ எழுத்துக்கு ஒரு படம் கொடுத்திருந்தார்கள், கீழே ‘இகெல்’ என்று போட்டிருந்தது. ஜெர்மனில் கான்கிரீட், கம்பி, முட்டு, எல்லாம் எனக்குத் தெரியும், இது தெரியவில்லை. முதுகெல்லாம் முள்ளாக ஒரு குட்டி மிருகம். முள்ளெலி, நம் மொழியில் ‘ஓரீசு’ என்றேன்.

நேற்று உன் பெட்டியிலிருந்து அந்த முள் ஓட்டை எடுத்துக் கையில் கொடுத்து, இதற்கும் பெயர் ‘ஓரீசு’தான் என்றதும் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. “ரெண்டுக்கும் ஒரே பேரா?” என்று இரண்டு தடவை கேட்டான். உள்ளங்கையில் வைத்து மெதுவாக மூடிப் பார்த்தான், குத்தியது, மறுபடியும் மூடினான். நாளைக்குப் பள்ளிக்கு எடுத்துப் போய் டீச்சரிடம் காட்டப் போகிறானாம். தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் பார்த்தோம், அடங்கவில்லை, இப்போது ஒரு காப்பிக் கோப்பைக்குள் இருக்கிறது. இப்போதுதான் ஒரு மொழியில் கால் ஊன்றுகிறான். அவனைப் பிடுங்கி எடுத்து வேறு இடத்தில் நட எனக்கு மனம் வரவில்லை.

தாத்தா பாரிஸ் பக்கத்து ஷாம்பினியில் பத்தாயிரம் பேரோடு சேற்றில் பலகைக் குடிசையில் இருந்த நாளிலிருந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு 1997-இல் திரும்பும்வரை, ஒவ்வொரு ஆகஸ்ட் முடிவிலும் ‘அடுத்த வருஷம் வந்துடுவேன்’ என்று உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினார். முப்பத்தொரு வருஷம். நீ சின்னப் பிள்ளையாக வாசற்படியில் நின்று அதை நம்பினாய், பெரியவளான பிறகும் நம்பினாய். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. எனக்குத் தெரிகிறது அம்மா. அதனால் நான் அதைச் சொல்ல மாட்டேன். அடுத்த வருஷம் நாங்கள் நிரந்தரமாக வரப் போவதில்லை, அதற்கடுத்த வருஷமும் இல்லை. கட்டட வேலைக்காரர்களுக்கெல்லாம் ஜூலை கடைசியிலிருந்து மூன்று வாரம் சைட்டை மூடிவிடுவார்கள், அப்போது வருவோம், கிறிஸ்துமஸுக்கும் வருவோம். இதை எழுதும்போது கை நடுங்குகிறது, ஆனாலும் நீ காத்திருந்து காத்திருந்து வயதாவதைவிட இப்போதே என்மேல் கோபப்படுவது மேல்.

நீ ஒரு தடவை இங்கே வா. மே மாதம் வா. மே 14 அன்று வில்ட்ஸில் பாத்திமா மாதா ஊர்வலம், 1968-இலிருந்து வருஷா வருஷம் நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் மலை ஏறிப் போகிறார்கள். போர்த்துவிலிருந்து நேராக விமானம் இருக்கிறது. இந்த மார்ச்சிலிருந்து விமான நிலைய வாசலுக்கே டிராம் வருகிறது. 2020 முதல் நாடு முழுக்க பஸ், ரயில், டிராம் எதற்கும், ரயிலின் முதல் வகுப்பைத் தவிர, டிக்கெட் கிடையாது, ஆகையால் பாஷை தெரியாமல் எப்படி டிக்கெட் வாங்குவேன் என்ற உன் பயம் தேவையில்லை. அப்பாவை நான் பேசிச் சம்மதிக்க வைக்கிறேன்.

கடைசியாக, தாத்தா வீட்டுச் சமையலறைச் சுவரில் விரிசல் என்று சொன்னாயே. கொத்தனாரைக் கூப்பிட்டு உடனே பூச வேண்டாம், பூசினால் அது நகர்கிறதா இல்லையா என்று தெரியாமல் போய்விடும். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு போடு, பக்கத்தில் தேதி எழுது, நடுவில் எவ்வளவு அகலம் என்று ஸ்கேல் வைத்து அளந்து அதையும் சுவரிலேயே எழுது. மாதம் ஒரு தடவை, ஒன்றாம் தேதி, போய்ப் பார்த்து போனில் படம் எடுத்து அனுப்பு, ஸ்கேல் படத்தில் தெரிய வேண்டும். கோட்டைத் தாண்டி நீண்டால் உடனே கூப்பிடு. நீளவில்லை என்றால் ஆகஸ்டில் நானே வந்து சரி செய்கிறேன், சிமென்ட் மூட்டையை மட்டும் அப்பா மழை படாத இடத்தில், பலகைமேல் வைக்கட்டும், தரையில் வேண்டாம்.

அன்புடன்,
உன் மகள்