அக்கம்பக்கத்தினர் சொன்னால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து தங்கள் நாளிதழைத்தான் வாங்குகிறோம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சென்ற வாரம் மாவட்டச் செய்திகள் பக்கத்தில், ஒருவர் கடைக்காரரைக் கத்தியால் குத்திய செய்தி வந்திருந்தது. கொடுக்கல் வாங்கல் தகராறு என்று போலீஸார் சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சரி, அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கடைசி வரி இப்படி இருக்கிறது: "அவர் மனநலம் பாதிக்கப்பட்டு சிகிச்சை பெற்று வந்தவர் என அக்கம்பக்கத்தினர் தெரிவித்தனர்." எந்த மருத்துவரைக் கேட்டீர்கள்? அவருக்குச் சர்க்கரை நோய் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருந்தால் அதையும் போட்டிருப்பீர்களா?

என் அக்காவுக்கு மனச்சிதைவு நோய். கல்யாணமான மறுவருடம் வந்தது. ராத்திரி தவறாமல் மாத்திரை போட்டுக்கொள்கிறார். வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து ரவிக்கை தைக்கிறார். தெருவில் பாதிப் பேர் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவரிடம்தான் தைப்பார்கள். உங்கள் செய்தி வந்த மறுநாள் காலை அவர்களில் ஒருவர் வந்தார். வாசற்படி ஏறவில்லை. "வேற இடத்துல தச்சுக்கறேம்மா, துணியைக் கொடுத்திருங்க" என்றார். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. வெட்டாத துணியை மடித்து, லைனிங்கையும் அளவு ரவிக்கையையும் அதன் மேல் வைத்து, வாங்கியிருந்த முன்பணத்தையும் சேர்த்துக் கொடுத்தார். வந்தவர் போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா மருந்தெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறாங்கல்ல? பேப்பர்ல பார்த்தேன், பயமா இருக்கு" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்தது உங்கள் பேப்பர்.

பேசத் தொடங்கிவிட்டேன், மற்றதையும் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன் பேருந்து நிலையத்தில் திரிந்த ஒரு பெண்ணின் படத்தை முகம் தெரியப் போட்டீர்கள். அவருக்கும் அண்ணன் தம்பி இருப்பார்கள் என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குமா தோன்றவில்லை? அன்றைக்கே எழுத நினைத்தேன்.

அக்காவின் கணவர் வீட்டார் விவாகரத்துக்குப் போனபோது எதிர்த்தரப்பு வக்கீல் கையில் மருந்துச் சீட்டுதான் இருந்தது. இந்து திருமணச் சட்டத்தின் 13-வது பிரிவில் ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு, என்று நோயின் பெயரே இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. விவாகரத்துக் காரணங்களிலிருந்து தொழுநோயை 2019-ல் எடுத்துவிட்டார்கள். இது மட்டும் அப்படியே இருக்கிறது. நோயின் பெயரைச் சூட்டிவிட்டால் மட்டும் போதாது, அது எந்த அளவுக்கு இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் ராம் நாராயண் குப்தா வழக்கில் 1988-லேயே சொல்லிவிட்டது. கோர்ட் வராந்தாவில் அதையெல்லாம் யார் எடுத்துச் சொன்னார்கள்? ஊர் முழுக்கத் தெரிய வேண்டாம் என்று பயந்து, அப்பா கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டார்.

அப்புறம் ஒரு முறை, வயிற்றுவலி என்று அக்காவை ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. மாத்திரை அட்டையைப் பார்த்தார். "இவங்களுக்கு அப்படித்தான் தோணும்" என்றார். அதையும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார், எதிரில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்து அல்ல. தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். வேறோர் இடத்தில் ஸ்கேன் எடுத்தபோது பித்தப்பையில் கல். அதற்குள் சீழ் பிடித்துவிட்டது. மனநோய் இருப்பவருக்கு வயிறு வலிக்காதா?

காப்பீட்டுக் கதையும் இதேதான். உடல் நோய்க்குத் தருவதைப் போலவே மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு சொல்கிறது. முகவரோ, நோயின் பெயரைக் கேட்டதும் விண்ணப்பத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். என் மகளுக்கு வந்த வரனும், அத்தையைப் பற்றித் தெரிந்த மறுவாரம் ஜாதகம் பொருந்தவில்லை என்று நின்றுபோனது.

மனநோயாளிகள் என்றால் பிறருக்கு ஆபத்து என்று எழுதுகிறீர்களே, ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்ததே, அங்கே யார் யாருக்கு என்ன செய்தார்கள்? சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் எரிந்து செத்தார்கள். ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. குற்றச் செய்தியில் மருத்துவரோ நீதிமன்றமோ உறுதி செய்யாமல் ஒருவருடைய மனநோயைப் பற்றி எழுதாதீர்கள். உறுதியானாலும், குற்றத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மனநல மையத்தில் சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ தகவலையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகங்களுக்குத் தரக் கூடாது என்று அதே மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 24-வது பிரிவு சொல்வதை உங்கள் நிருபர்களுக்கு ஒரு சுற்றறிக்கையாக அனுப்புங்கள். உதவி வேண்டுபவர்களுக்காக அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416-ஐ அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வரி போடுங்கள்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரையும் ஊரையும் தயவுசெய்து போட வேண்டாம். நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்