புகைச் சான்றிதழை எதோடு முடிச்சுப் போடுவது?

அன்புள்ள முருகேசா,

பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று நீ எழுதியதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

கனடாவில் உங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் 1999-இல் கொண்டுவந்த புகைப் பரிசோதனையை 2019-இல் கார்களுக்கு நிறுத்திவிட்டார்கள் என்றாயே, அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் ஊரில் பழைய கார்களின் பதிவைப் புதுப்பிக்கும்போதே புகையையும் பார்த்தார்கள். நம்ம ஊரில் அதற்கு வழியே இல்லை. சொந்த வண்டி என்றால் ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றிதழ் 15 வருஷம் செல்லும். ரோடு டாக்ஸும் ஒரே தடவையில் முடிந்துவிடுகிறது. லாரிக்காரர் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றிதழுக்காக ஆர்.டி.ஓ. ஆபீஸ் படியேறித்தான் ஆகணும், அங்கே புகைச் சான்றிதழ் கேட்பார்கள். பைக் வைத்திருப்பவரை யார் கேட்பது?

அதனால்தான் 2017 ஆகஸ்டில், சுற்றுச்சூழல் வக்கீல் எம்.சி. மேத்தா போட்ட வழக்கில், புகைச் சான்றிதழ் இல்லாத வண்டிக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வருஷா வருஷம் வருவது அது ஒன்றுதானே! ஆனால் சான்றிதழ் எடுக்கச் சோம்பல்படுகிறவர் இன்சூரன்ஸையும் சேர்த்து விட்டுவிட்டால்? அவர் வண்டி யார் மேலாவது ஏறினால் நஷ்டஈடு யார் தருவது? புகை விட்டவர் ஒருத்தர், தண்டனை ரோட்டில் நடந்து போனவருக்கு. 2024 ஜூலையில் நீதிமன்றமே அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. அது சரிதான் என்பேன். வண்டிக்காரருக்கு மட்டும் வலிக்கிற இடத்தில்தான் முடிச்சுப் போடணும். ஆர்.சி. அப்படிப்பட்ட இடம்தான், ஆனால் 15 வருஷத்துக்கு ஒருமுறை போட்டு என்ன பிரயோஜனம்?

அந்தப் பரிசோதனையின் லட்சணத்தையும் கேள். பெட்ரோல் பங்க் ஓரமாக ஒரு ஆம்னி வேன், உள்ளே கம்ப்யூட்டர், பிரிண்டர். என் ஸ்கூட்டரின் சைலன்சரில் பையன் ஒரு குழாயைச் சொருகினான். "முறுக்காதீங்க சார், ஐடிலிங்லயே விடுங்க" என்றான். கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் இரண்டும் திரையில் வந்தன, நம்பர் பிளேட்டைப் படம் பிடித்தான், தீர்ந்தது. டீசல் வண்டியென்றால் நேர்மாறு: ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி புகையின் அடர்த்தியைப் பார்ப்பார்கள். நைட்ரஜன் ஆக்சைடை இந்தச் சோதனையில் யாரும் தொடுவதில்லை. டெல்லிக்காரர்கள் மூச்சுத் திணறுவதில் அதற்கும் பங்குண்டு.

பக்கத்துத் தெருப் பையன் வண்டியைக் கொண்டுபோகாமலே சான்றிதழ் வாங்கிவிட்டான். நம்பர் பிளேட் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமாம். சட்டத்தில் அபராதம் 10,000 ரூபாய் வரை இருக்கிறது, இருந்து என்ன! வண்டியே வராத சான்றிதழை ஆர்.சி.யோடு கோத்தாலும் ஒன்றுதான், ஆதாரோடு கோத்தாலும் ஒன்றுதான். முதலில் அந்த வேனுக்குள் நடப்பதைக் கண்காணிக்கட்டும், முடிச்சைப் பிறகு பார்க்கலாம்.

என் மாப்பிள்ளை அடுத்த மாசம் டொரொண்டோ வருகிறார். நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புகிறேன். டாக்டர் உனக்கு உப்பைக் குறைக்கச் சொன்னாரா இல்லையா என்று தங்கச்சியிடம் கேட்டு எழுது, அதற்கேற்ற மாதிரி பாட்டிலின் அளவைப் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
ராமசாமி