மலைப்படி மண்டபத்தின் பூட்டைத் திறந்துவிடக் கோரி மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்:
மலையடிவாரத் தெருக்களில் குடியிருக்கும் பெற்றோர்கள்,
தென் சென்னை.

பெறுநர்:
மலைப்படிப் பராமரிப்புப் பொறுப்பு அலுவலர் அவர்கள்,
சென்னை.

பொருள்: மலைப்படியின் பாதி உயரத்தில் உள்ள இளைப்பாறும் மண்டபத்தைத் திறந்து, மழையிலும் இடியிலும் மாட்டிக்கொள்ளும் குழந்தைகளுக்கு ஒதுங்க இடம் தரக் கோருதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் முன்பு நேரில் கொடுத்த மனுக்களும் அவற்றுக்குத் தரப்பட்ட ஒப்புகைச் சீட்டுகளும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பரங்கிமலை, திருசூலம், பல்லாவரம், திருநீர்மலை என்று நம் ஊரின் தெற்கே விட்டுவிட்டு நிற்கும் குன்றுகளில் எங்கள் குன்றும் ஒன்று. தங்களுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. மரம் நடும் விழாவுக்கு அடிவாரம் வரை வந்திருக்கிறீர்கள். அன்று வெயில் அதிகம் என்பதால் மேலே ஏறவில்லை.

எங்கள் பகுதியில் பூங்கா கிடையாது. குழந்தைகளுக்கு இருக்கும் ஒரே வெளி இந்த மலைதான். உச்சியில் சின்னக் கோயில், அதன் பின்னால் கொஞ்சம் சமதளம். அங்கே நின்றால் மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவது தெரியும். அதற்காகவே தினமும் சாயங்காலம் மலைக்குப் போகணும் என்று பிடிவாதம் பிடிக்கும் பிள்ளைகள் எங்கள் தெருக்களில் நிறைய. பெரியவர்களுக்கு ஏறப் பத்து நிமிடம் போதும். நான்கு வயதுக் குழந்தையோடு என்றால் அரை மணி நேரம் ஆகும். ஒவ்வொரு ஓணானுக்கும் நின்று மரியாதை செய்துவிட்டுத்தான் அடுத்த படி. இதைத் தங்கள் கவனத்தில் இருத்தி, கீழ்க்கண்டவற்றைப் பரிசீலிக்கப் பணிவுடன் வேண்டுகிறோம்.

1. மலையின் படிகள் கிழக்குப் பக்கமாக ஏறுகின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னைக்கு வரும் சாயங்கால இடிமழையோ பெரும்பாலும் மேற்கிலிருந்து வருவது. உள்மாவட்டங்களில் மதிய வெயிலில் திரளும் மேகம் பொழுது சாயும்போது நம் பக்கம் நகர்ந்து வரும். படியில் ஏறிக்கொண்டிருப்பவருக்கு மேற்கு வானத்தை மலையே மறைத்துவிடும். கிழக்கே பளிச்சென்ற வானம், கடற்காற்று. மலைக்கு அந்தப் பக்கம் கறுத்துக்கொண்டு வருவது உச்சிக்குப் போனால்தான் தெரியும். நடுவழியில் இருப்பவருக்கு முதல் இடி சத்தம்தான் அறிவிப்பு.

2. நடுவழியில்தான் மண்டபம் இருக்கிறது. கருங்கல் தூண், கல் கூரை, மூன்று பக்கமும் திண்ணை. ஏறுபவர்கள் உட்கார்ந்து மூச்சு வாங்கவும் மழைக்கு ஒதுங்கவும் என்றே கட்டியது. கோடையில் அங்கே தண்ணீர்ப் பானை வைப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இப்போது அதைச் சுற்றி இரும்புக் கம்பிக் கதவு போட்டு, பூட்டும் போட்டிருக்கிறார்கள். உள்ளே இருப்பவை: சக்கரம் கழன்ற பச்சைக் குப்பைத் தொட்டிகள், பிவிசி குழாய்க் கட்டு, கல்லாக இறுகிப்போன சிமெண்ட் மூட்டைகள், பழைய விழாக்களின் பிளெக்ஸ் தட்டிகள். பூட்டு துருப்பிடித்திருக்கிறது. அதைச் சமீபத்தில் யாரும் திறந்ததாகத் தெரியவில்லை.

சென்ற ஆகஸ்டில் ஒரு மாலை நானும் என் மகளும் அந்தக் கதவுக்கு வெளியே நின்றோம். நான்கு வயது. மழை சரிந்து அடித்தது. கூரையின் விளிம்பு கதவைத் தாண்டி ஒரு முழம்கூட இல்லை, அதிலிருந்து கொட்டும் தண்ணீர் நேராக எங்கள் தலையில்தான் விழுந்தது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று வரை எண்ணினால் அது ஒரு கிலோமீட்டர் தூரம் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவளும் எண்ணினாள். இரண்டுக்கு மேல் போகவில்லை. கம்பிக் கதவில் சாயக் கூடாது, அது இரும்பு. பக்கத்தில் இருக்கும் ஒற்றை வேப்பமரத்தடிக்கும் போகக் கூடாது. இறங்கிவிடலாம் என்றால், இடி இடிக்கும்போது கைப்பிடிக் கம்பியைத் தொடாதே என்கிறார்கள். தொடாமல் இறங்கினால் நனைந்த கருங்கல் வழுக்குகிறது. ஒரு கையில் குழந்தை. இதில் எதைக் கேட்பது ஐயா? மதியம் அனலடித்த ஊரில், கால் மணி நேரத்தில் பிள்ளைக்குப் பல் கிட்டியது. சின்ன உடம்பு, நனைந்து காற்றுப் பட்டால் சீக்கிரம் சூடு இறங்கிவிடும். என் துப்பட்டாவும் நனைந்துதான் இருந்தது, எதைப் போர்த்துவது?

அப்போது கம்பி வழியாக உள்ளே பார்த்து அவள் கேட்டாள்: "அம்மா, குப்பைத் தொட்டி நனையக் கூடாதா?"

இந்தக் கேள்விக்குத் தங்கள் அலுவலகம் எழுத்துமூலம் பதில் தந்தால் அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

3. முந்தைய மனுவின் நிலை என்ன என்று கேட்கப் போனபோது, "மழை வர்ற மாதிரி இருந்தா குழந்தையைக் கூட்டிக்கிட்டு ஏம்மா மலை ஏறுறீங்க?" என்று ஒருவர் சொன்னார். சரி, எப்போது ஏறலாம் என்று அவரே சொல்லட்டும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில். 2003 மே மாதம் இந்த ஊர் 45 டிகிரி பார்த்தது. கறுப்புப் பாறை பொழுது சாய்ந்த பிறகும் செருப்பில்லாத காலைச் சுடும். ஜூனிலிருந்து இடிமழை, அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. 2023 ஜூன் 19 அன்று சென்னையில் பள்ளிகளுக்கு மழை விடுமுறை விட்டார்கள். ஜூன் மாதத்தில்! அப்படியானால் ஜனவரியில் ஏறிவிட்டு அடுத்த ஜனவரி வரை டிவி பார்க்கச் சொல்வதா? அடுத்த மூன்று மணி நேரத்துக்கு வானிலை மையம் சொல்வதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறோம். மின்னல் எச்சரிக்கைக்குத் தாமினி செயலியும் கைபேசியில் இருக்கிறது. ஆனால் அது ஒலிக்கும்போது நாங்கள் நடுப்படியில் இருக்கிறோம். அந்த நேரத்தில் தேவைப்படுவது நாலு தூணும் ஒரு கூரையும். அதுவும் இருக்கிறது, பூட்டித்தான் இருக்கிறது.

4. பூட்டியதற்குச் சொல்லப்படும் காரணம், ராத்திரியில் அங்கே குடிக்கிறார்கள் என்பது. குடிப்பவர்கள் இப்போது வெளியே படியில் உட்கார்ந்து குடிக்கிறார்கள். கண்ணாடிச் சில்லும் படியிலேயே கிடக்கிறது. பூட்டால் தடுக்கப்பட்டது குழந்தைகள் மட்டும்தான்.

5. மண்டபத்துக்கு மேலே உள்ள வடிகாலில் மண் அடைத்திருப்பதால் மழைத் தண்ணீர் படிவழியாகவே இறங்குகிறது. தூர்வார வேண்டும்.

6. பெரிதாக எதுவும் கேட்கவில்லை. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்களை இழந்தோம். 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 மலையேற்றப் பாதைகளை, வழிகாட்டி, முன்பதிவு என்ற ஒழுங்கோடு அரசு திறந்தது. நல்ல காரியம். எங்களுக்கு வழிகாட்டி வேண்டாம், டிக்கெட் கவுண்டர் வேண்டாம், அலங்கார வளைவு வேண்டவே வேண்டாம். பூட்டைத் திறந்துவிடுங்கள். காலை 5 மணிக்குத் திறந்து இரவு 7 மணிக்குப் பூட்டினாலும் போதும். அடிவாரத்தில் பூ விற்கும் அம்மா சாவியைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், சம்பளம் எதுவும் கேட்கவில்லை. நாலு பக்கமும் திறந்த மண்டபம் இடிக்கு முழுப் பாதுகாப்பு ஆகாது என்பது எங்களுக்கும் தெரியும். அதனால் கூரைமேல் ஒரு இடிதாங்கியும் வைத்துத் தாருங்கள். அதற்கு நிதி ஒதுக்க நாளாகும் என்றால் அது மெதுவாக வரட்டும். பூட்டைத் திறக்க நிதி வேண்டாமே ஐயா.

கைபேசிக்கு "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்று குறுஞ்செய்தி வருகிறது. போன பருவமழைக்கும் அதே செய்திதான் வந்தது. பரிசீலிக்க அங்கே என்ன இருக்கிறது? ஒரு பூட்டு, ஒரு சாவி. யாராவது ஒருவர் ஏறிவந்து பார்த்தால் போதும். தாங்களே வருவதானால் சாயங்காலம் வாருங்கள், கூடவே ஒரு குழந்தையையும் கூட்டி வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். இது குத்தலுக்காக எழுதியது இல்லை. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினால்தான் அந்தப் படிகளின் உயரம் தெரியும்.

ஆகவே, அக்டோபருக்குள் மண்டபத்திலுள்ள பொருட்களை அகற்றி, பூட்டைத் திறந்துவிட ஆவன செய்யுமாறு மிகவும் தாழ்மையுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம். சாவி யாரிடம் இருக்கிறது என்று தங்கள் அலுவலகத்தில் கேட்டபோது ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார். தொலைந்திருந்தால் பரவாயில்லை. பூட்டை உடைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி எழுதி, முத்திரை வைத்துக் கொடுங்கள். உடைப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். புதுப் பூட்டையும் நாங்களே வாங்கி, ஒரு சாவியைத் தங்கள் அலுவலகத்தில் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மலையடிவாரத் தெருக்களின் பெற்றோர்கள்
(கையொப்பங்கள் பின்பக்கத்தில்)